குனியாத செயலாளர்

‘மசாஜ் - பத்து நாள்’ என்று எழுதியிருக்கும் சீட்டில், ‘மசாஜ்’ என்ற சொல்லை மட்டும் செயலாளர் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறார். ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார், இரண்டு கோடு. அடித்த இடத்துக்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ‘மென்திசு அசைவூட்டல்’ என்று எழுதுவார். பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். பிறகு சீட்டு கோப்புக்குள் போகும், கோப்பு இரும்பு அலமாரிக்குள் போகும். அந்தத் திருத்தத்தை இந்தப் பூமியில் அவரைத் தவிர வேறு யாரும் படிக்கப் போவதில்லை. சீட்டை எழுதிய எலும்பு டாக்டர் அதை மறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பவருக்கோ, எந்தப் பெயர் வைத்துத் தேய்த்தாலும் சம்மதம்தான்.

“தேய்ச்சு விடறதுக்கா நாலரை வருஷம் படிச்சோம்? அந்த ஆளுக்கு ஒரு நாள் புரியவைக்கிறேன் பாருங்க” என்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம். அவரும் “ஆமாங்க சார்” என்பார். உட்காரச் சொன்னால் தேவலை என்பது அவர் முகத்தில் எழுதியிருக்கும். அதை யாரும் திருத்துவதில்லை.

மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவு, எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த கூடத்தில் நடக்கிறது. ஆறு படுக்கைகள், சுவரில் ஒரு மர ஏணி, கயிறும் கப்பியும், பிடித்து நடக்க இரண்டு இரும்புக் கம்பிகள், எப்போதும் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிடும் நாற்காலி. வாசலை ஒட்டிக் கண்ணாடி பதித்த மேசை. அதன் பின்னால் இவர். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு. எலும்பு டாக்டரின் கோட்டு இடுப்போடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனித்த பிறகு தைத்துக்கொண்டது.

பதினோரு வருடமாக இயன்முறையாளர் சங்கத்தின் செயலாளர். அதனால் எல்லோருக்கும் அவர் ‘செயலாளர்’தான். வீட்டில் மனைவிகூட, “செயலாளருக்கு டீ ஆறுதுங்க” என்றுதான் கூப்பிடுகிறார். அதில் கிண்டல் இருக்கிறது என்பது செயலாளருக்கு இன்னும் எட்டவில்லை.

சங்கத்தின் முதல் போராட்டம், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வது. போடலாம் என்று ஒரு ஆணை வரும். ஊர்வலமாகப் போய்ப் பலகையில் எழுத வைப்பார். போடக் கூடாது என்று இன்னொரு ஆணை வரும். எழுதியவரே வந்து அழிப்பார். அழித்து எழுதி, எழுதி அழித்து, பலகையில் அந்த இடம் மட்டும் வழித்த தாடை மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. பெயிண்டர் இப்போதெல்லாம் ஏணியைச் சாத்திவிட்டு மேலிருந்து கேட்கிறார்: “இந்த வாட்டி போடணுமா சார், எடுக்கணுமா?”

இரண்டாவது போராட்டம், குனியாதிருப்பது. இதற்கு எந்த ஆணையும் வரவில்லை, இவரே போட்டுக்கொண்டது. நோயாளியின் காலடியில் உட்காருவது தொழிலின் கௌரவத்துக்கு இழுக்கு என்பது அவருடைய கட்சி. முழங்காலுக்குக் கீழே உள்ள உடம்பை அவர் கடைசியாகத் தொட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். கணுக்கால், குதிகால், பாதம், கெண்டை எல்லாம் சின்ன மேடத்தின் எல்லைக்குள் வரும்.

சின்ன மேடம் என்று நோயாளிகள் கூப்பிடுவது அங்கே வேலை பார்க்கும் இன்னொரு இயன்முறையாளரை. முப்பது வயதிருக்கும். பாதி நாள் தரையில்தான் இருப்பார், கால்சட்டையின் இரண்டு முட்டியும் வெளுத்திருக்கும். பக்கவாதம் வந்தவரின் பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, “பெருவிரலை மட்டும் எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். அந்த விரல் அசைந்துவிட்டால் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார்.

“நல்ல பொண்ணுதான். ஆனா பேஷன்டோட செருப்பை எல்லாம் எடுத்துக் குடுக்குது. நாம ஒரு படி ஏறினா இது ரெண்டு படி இறக்குது” என்பது அவரைப் பற்றிச் செயலாளர் சங்கத்தில் சொல்வது.

புதுமை என்றால் செயலாளருக்கு உயிர். தோலில் கலர் கலராக ஒட்டும் நாடா வந்தபோது, ஒரு மாதம் நோயாளிகள் எல்லாரும் பரிசுப் பொட்டலம் மாதிரி வீட்டுக்குப் போனார்கள். அடுத்து, மருந்தில்லாமல் தசையில் குத்தும் ஊசி. அதற்கடுத்துக் கிண்ணம் வைத்து உறிஞ்சுவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், சுவரில் ஒரு ஆணி. போன வருடம் வந்தது செல்போன் செயலி. நோயாளி வீட்டில் கேமரா முன்னால் நின்று கையைத் தூக்கினால், அது எண்ணிக் கணக்குச் சொல்லும். தோள் இறுகிப் போன ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் போனை ஜன்னலுக்கு எதிரே வைத்துவிட்டுத் தூங்கிப் போனார். காற்றில் ஆடிய திரைச்சீலை இருநூற்று நாற்பது தடவை கையைத் தூக்கியதாகப் பதிவாகி, ‘அபார முன்னேற்றம்’ என்று வாழ்த்தும் வந்தது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் அந்த முன்னேற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறது. வாத்தியாரின் கை இன்னும் காதுக்கு மேலே போகவில்லை.

ஆனால் இதெல்லாம் சில்லறை. செயலாளரின் வாழ்நாள் லட்சியம் ஒன்றுதான்: சீட்டு ஒழிப்பு. எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் நோயாளி இவரிடம் வர முடியும் என்ற விதி போக வேண்டும். இடுப்பு வலியா, கழுத்து வலியா, நேராக இயன்முறையாளரிடம் வரட்டும். வெளியுலகில் எத்தனையோ இடத்தில் வந்துவிட்டது. “நாம என்ன சீட்டு வாங்கிப் பொருள் குடுக்கற கவுண்டரா?” என்று அவர் கேட்காத மேடை இல்லை. நூற்றுப் பதினேழு மனு எழுதினார். நூற்றுப் பதினேழாவது மனுவைப் படித்த கண்காணிப்பாளர், அந்த மருத்துவமனைக்குப் புதிதாக வந்த அதிகம் பேசாத பெண்மணி, ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: ‘மூன்று மாதம் செய்து பார்க்கலாம்.’

செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது நிமிடக் குரல் செய்தி போட்டார். வாசலில் ‘சீட்டு தேவையில்லை. நேரடியாக வரலாம்’ என்று பலகை மாட்டினார்.

முதல் ஆளாக, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கும் ஒரு பெண் முதுகுவலியோடு நேரடியாக வந்தார்.

“டாக்டர் இல்லீங்களா?”

“நான்தாம்மா. உட்காருங்க.”

“இல்லீங்க, நிஜ டாக்டர்.”

அதைக்கூடச் செயலாளர் விழுங்கிக்கொண்டார். எங்கே வலி, எப்போதிலிருந்து, எல்லாம் கேட்டார். அந்தம்மா, “பாத்திரம் தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு” என்றார். சாதாரணப் பிடிப்பு. இருபத்தெட்டு வருடத்தில் இதுபோல ஆயிரம் முதுகு பார்த்திருக்கிறார். ஆனால் அந்த ஆயிரம் முதுகும் வேறொருவர் பார்த்து, பயமில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. இந்த முதுகின் மேல் யார் கையெழுத்தும் இல்லை. சிறுநீரகமாக இருந்தால்? முதுகெலும்பில் கட்டியாக இருந்தால்? ஒரு தாளை இழுத்து எழுதினார்: ‘எலும்பு மருத்துவரின் மேலான கருத்து வேண்டப்படுகிறது.’

மூன்று வாரத்தில் நேரடியாக வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் சீட்டோடு எலும்பு டாக்டரிடம் போனார்கள். அறுபத்து மூன்று பேரும் ‘தசைப்பிடிப்பு. மசாஜ் - பத்து நாள்’ என்ற சீட்டோடு திரும்பி வந்தார்கள்.

சின்ன மேடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “சார், கேட்க வேண்டியதைக் கேட்டு, தொட்டுப் பார்த்தாலே பாதிப் பேரை நாமே பார்த்துக்கலாம். சந்தேகம் இருக்கறவங்களை மட்டும் அனுப்பலாமே?”

“உனக்கு என்னம்மா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா செயலாளர் தலைதானே உருளும்?”

எலும்பு டாக்டர் நாலு பேர் பார்க்க நடைவழியில் மடக்கினார். “என்ன செயலாளர், சீட்டை ஒழிக்கறேன்னீங்க, இப்ப ஒண்ணுக்கு ரெண்டு சீட்டாச்சே? நீங்க அனுப்பி நான் பார்த்து, நான் அனுப்பி நீங்க பார்க்கறீங்க. நடுவுல பேஷன்ட் அரைக் கிலோமீட்டர் நடந்துடறாரு. ஒருவேளை அதுதான் உங்க ட்ரீட்மென்டா?”

நர்ஸுகள் சிரித்தார்கள். லிஃப்ட் இயக்குபவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மேசைக்கு வந்து உட்கார்ந்த செயலாளர் ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் ஒரு சீட்டும் அந்தப் பக்கம் போகாது. எது வந்தாலும் இங்கேயே.

இரண்டாவது நாளே லாரி டிரைவர் வந்தார்.

நாற்பது வயசு ஆள், நல்ல வாட்டசாட்டம். ஒரு மாதத்துக்கு முன்னால் லாரிப் படியில் சறுக்கிக் கணுக்கால் சுளுக்கியிருக்கிறது. வெளியூரில் மாவுக்கட்டு போட்டு, போன வாரம் பிரித்திருக்கிறார்கள். பிரித்த கையோடு வண்டி எடுத்து, பதினோரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார்.

“சீட்டு வேணாமாமே சார், நேரா வரலாம்னு போட்டிருக்கு. கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்குதுங்க. நாலு அழுத்து அழுத்தி விட்டா சரியாயிடும். சாயங்காலம் லோடு இருக்கு.”

செயலாளர் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். பேன்ட் இருந்தது, காலுறை இருந்தது. காலும் உள்ளே எங்கேயோ இருந்தது.

“கட்டுப் போட்ட காலு இறுகத்தான் செய்யும். தசை இறுக்கம். ஏம்மா, மூணாவது பெட். நல்லா ஆழமா மென்திசு அசைவூட்டல் குடு. இருபது நிமிஷம்.”

சின்ன மேடம் தரையில் உட்கார்ந்து காலுறையை உருட்டி இறக்கினார். காலுறையின் எலாஸ்டிக், தோலில் பள்ளம் பறித்த மாதிரிப் பதிந்திருந்தது. அடுத்த காலில் அப்படி இல்லை. புறங்கையை இரண்டு கெண்டையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பையிலிருந்து தையல்காரர் நாடாவை எடுத்து அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். எழுந்து மேசைக்கு வந்தார்.

“சார், ஒரு காலு மூணரை சென்டிமீட்டர் பெருசா இருக்கு. சூடா இருக்கு. நான் அமுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“ரத்தம் உறைஞ்சிருக்குமோன்னு பயமா இருக்கு சார். அமுக்கினா அந்தக் கட்டி நகர்ந்து நேரா நுரையீரலுக்குப் போகும். ஸ்கேனுக்கு அனுப்பணும்.”

“யார் மூலமா? அவர் மூலமாவா? இன்னொரு சீட்டா?” செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “அவன் நடுக் காரிடர்ல வெச்சு சிரிப்பாம்மா. ஒரு வாரம் கட்டுல இருந்த காலு வீங்காம இருக்குமா? போய் வேலையைப் பாரு.”

“ஒரு வாரம் இல்ல சார், மூணு வாரம். நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

“நான் சொல்றேன்ல?”

“நானும் சொல்றேன்ல சார்?” என்றார் சின்ன மேடம். ஏழு வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “நீங்க தொட்டுப் பார்த்துட்டு அமுக்கச் சொன்னா, எழுதிக் குடுங்க. அமுக்கறேன்.”

மற்ற ஐந்து படுக்கைகளும் இந்தப் பக்கம் திரும்பின. கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் கையை மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். டிரைவர் மட்டும், “என்னங்க பிரச்சினை? தேய்க்க ஆளில்லையா?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுப்பது என்ற சொல்தான் செயலாளரை எழுப்பியது. படுக்கை தாழ்வானது. நின்றபடி கை எட்டாது. கோட்டின் நுனியை ஒதுக்கி, கட்டிலின் விளிம்பைப் பிடித்து, ஒரு முட்டியை இறக்கினார். மளுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு முட்டியை இறக்கினார். கீழேயிருந்து பார்த்தால் கூடம் வேறு மாதிரி இருந்தது. கட்டில்களுக்கு அடியில் தூசி, ஒரு ரப்பர் பந்து, எப்போதோ காணாமல் போன சான்றிதழ் ஒன்று.

கெண்டையில் கையை வைத்தார். அவருடைய வாய்தான் செயலாளர், கை இன்னும் இயன்முறையாளர்தான். இருபது வருடம் தினம் முப்பது காலைத் தொட்ட கை. சூடு தெரிந்தது. கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, நிரம்பவில்லை. பின்பக்கம் நடுக்கோட்டில் விரலை நகர்த்தியபோது, பதினோரு மணி நேரம் லாரி ஓட்டிய ஆள் “அம்மா” என்று துள்ளினார். செயலாளரின் கை தானாக விலகியது. இருபது நிமிடம் ஆழமாக அமுக்கச் சொன்ன வாக்கியம் காதுக்குள் திரும்பக் கேட்டது.

“எழுந்திருக்காதீங்க” என்றார் டிரைவரிடம். “கால ஊனக் கூடாது. ஏம்மா, வண்டி.”

சக்கர நாற்காலியை அவரே தள்ளினார். கீச்சிடும் சக்கரத்தோடு, நடைவழி முழுக்க, ஒரு கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு. எலும்பு டாக்டர் எதிரில் வந்தார். “ஓ, இப்ப டோர் டெலிவரியா?” என்றார்.

“ரத்த உறைவுன்னு சந்தேகம். ஸ்கேனுக்கு எழுதுங்க. சிரிக்கறதுன்னா எழுதிட்டுச் சிரிங்க.”

எலும்பு டாக்டர் காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எழுதினார். அரை மணி நேரத்தில் ஸ்கேன் சொல்லிவிட்டது: முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடைவரை உறைந்து நின்ற ரத்தம். டிரைவர் அன்று லோடு ஏற்றவில்லை. ஒன்பது நாள் படுக்கையில் இருந்து, மருந்துப் பையோடு, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

இதுவரை நடந்தது நடந்தபடி. இனிமேல் செயலாளர் சொன்னபடி.

அன்று மாலை மனைவியிடம் சொன்னது: “அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு. நான் தொட்டுப் பார்த்தேன். அமுக்கச் சொன்னவனே நான்தான்.” மறுநாள் சங்கக் குழுவில் போட்ட குரல் செய்தியில்: “எங்கள் பிரிவில் நாங்கள் கண்டறிந்தோம்.” அடுத்த வாரம் கிளைக் கூட்டத்தில்: “உதவிக்கு ஒரு பொண்ணு இருந்தா. மசாஜ் பண்ண உட்கார்ந்துட்டா. நில்லுன்னேன்.” மாதக் கடைசியில் ஆண்டறிக்கைக்கு எழுதிய கட்டுரையில் கூடத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள், செயலாளரும் கெண்டைக்காலும்.

கட்டுரையை அவர் உரக்கப் படித்துப் பார்த்தபோது, அடுப்படியிலிருந்து மனைவி கேட்டார்: “என்னங்க, அன்னிக்கு அந்தப் பொண்ணு இருந்தான்னு சொன்னீங்களே, லீவா?”

செயலாளர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

மூன்று மாதம் முடிந்ததும் கண்காணிப்பாளர் கூட்டம் போட்டார். நேரடியாக வருவதைத் தொடரலாமா, பழையபடி சீட்டா என்று அன்றைக்கே முடிவு. நீள மேசை. ஒரு பக்கம் எலும்பு டாக்டர், எதிர்ப் பக்கம் செயலாளர். பக்கத்தில் சின்ன மேடம், படம் மாற்றும் பொத்தானை அழுத்துவதற்காக அழைத்து வரப்பட்டவர். நடுவில் வளைந்த கழுத்தோடு ஒரே ஒரு மைக். கூட்டம் பதிவாவதால், பேசுகிறவர் அதில்தான் பேச வேண்டும்.

செயலாளர் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். உரிமை, கௌரவம், உலகப் போக்கு. கடைசியில் டிரைவர் கதை. “என் கையில் இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் தட்டுப்பட்டது” என்று முடித்தார்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல விஷயம். இதை எல்லா ஷிஃப்டுக்கும் வழிமுறையா எழுதிடலாம்னு பார்க்கறேன். எந்த இடத்துல அளந்தீங்க?”

“கெண்டைக்கால்ல.”

“கெண்டையில எங்க? எதுலேருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழ?”

செயலாளர் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டுச் சின்ன மேடத்தைப் பார்த்தார். அவர் அடுத்த படத்துக்கான பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி எடுத்துக் கொடுக்கிற முகமாக அது இல்லை.

“அது... நடுவுல. கை வெச்சாலே தெரியும்.”

“கைன்னா, எழுத முடியாதே” என்றார் கண்காணிப்பாளர். “எத்தனை வித்தியாசம் இருந்தா ஸ்கேனுக்கு அனுப்பணும்? அதையும் சொல்லிடுங்க. தெரியாம தொடர விட முடியாது.”

எலும்பு டாக்டர் பேனாவை மூடி, நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வு செயலாளருக்கு நன்றாகத் தெரிந்த சாய்வு. பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினோரு வருடம், நூற்றுப் பதினேழு மனு, வாசலில் மாட்டிய பலகை. எல்லாம் ஒரு எண்ணில் வந்து நின்றன. அந்த எண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

“அளந்தது அவங்கதான்” என்றார் செயலாளர். மைக்குக்கே சரியாகக் கேட்டிருக்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மைக்கைச் சின்ன மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

“முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் ஒரு எலும்பு முடிச்சு இருக்கும் மேடம்” என்று அவர் முன்னால் சாய்ந்து பேச ஆரம்பித்தார். “அதுலேருந்து பத்து சென்டிமீட்டர்...”

கண்காணிப்பாளர் எழுதத் தொடங்கினார். எலும்பு டாக்டரும் பேனாவைத் திறந்தார். சின்ன மேடம் பேசி முடிக்கும்வரை செயலாளர் மைக்கின் கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.